பருந்துகள் வரும் நாளைத் தேடி நான் தொலைத்த ஒரு வசந்தம்

பருந்து பார்ப்பதற்கு யாராவது ஆயிரத்து அறுநூறு டாலர் செலவழிப்பார்களா என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. செலவழித்தது உண்மை, பருந்துக் கூட்டத்தைப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிராம்ப்டன் நகரில், ஒரு சரக்குக் கிடங்கில் இரவுப் பணி செய்பவன் நான். போன ஆண்டுக்கு முந்தைய வசந்தத்தில், தெற்கிலிருந்து திரும்பி வரும் பருந்துகளைப் பார்த்தே தீர்வது என்று யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் தனியாகக் கிளம்பி, சுமார் 85 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிரிம்ஸ்பி என்ற ஊருக்கு நான்கு முறை போய், நான்கு முறையும் ஏமாந்து திரும்பினேன். கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கார் 340 டாலர், பெட்ரோல் 120, சுங்கச் சாலைக்கு 180, அந்தச் சுங்கத்தை எனக்காகக் கட்டியதற்கென்று வாடகைக் கார் நிறுவனம் தனியாகப் பிடித்துக்கொண்ட சேவைக் கட்டணம் 60, எதற்கும் உதவாத பைனாகுலர் 310, சம்பளமில்லா விடுப்பு நான்கு நாளுக்கு 600. ஆக மொத்தம் 1,610 டாலர். இவற்றில் பெரும்பகுதியை, விவரம் தெரிந்த ஒருவர் பத்து நிமிடம் பேசியிருந்தால் மிச்சப்படுத்தியிருக்கலாம். எனக்கு அப்படி யாரும் அப்போது வாய்க்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆசை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கழுத்துச் செம்பருந்து தலைக்கு மேல் வட்டமிட்டால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன் நான். இங்கே வந்த பிறகு முதல் சில குளிர்காலங்களில் வானத்தை அண்ணாந்து பார்த்த நினைவே இல்லை. இரவில் வேலை, பகலில் திரை போட்ட அறையில் தூக்கம். பிராட்விங்டு ஹாக் என்று இங்கே சொல்லப்படும் அகலச்சிறகுப் பருந்தைப் பற்றி நூலகத்தில் ஒரு நாள் படித்தேன். ஏறக்குறைய காக்கையின் பருமன். எடை பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள். குளிர்காலத்தை மத்திய அமெரிக்காவிலிருந்து பொலிவியா, பிரேசில் வரையுள்ள காடுகளில் கழித்துவிட்டு, வசந்தத்தில் கூட்டங்கூட்டமாக வடக்கே திரும்புகிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆராய்ந்த பறவைகள் ஒரு வழிப் பயணத்திலேயே சராசரியாக 7,000 கிலோமீட்டர் பறந்திருக்கின்றன. விமானச் சீட்டு விலையைப் பார்த்துப் பார்த்தே ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஆண்டுக்கு இரண்டு முறை இத்தனை தூரம் பறக்கும் ஒரு சிறு பறவையை நேரில் பார்க்காமல் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

முதல் தடுமாற்றம் இடத்தைப் பற்றியது. பருந்துகளின் வலசை என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பென்சில்வேனியாவில் உள்ள ஹாக் மவுன்டன் சரணாலயம். பருந்துகளை வேடிக்கைக்காகச் சுட்டுக் குவித்துக்கொண்டிருந்த அந்த மலையை ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934-இல் தம் பொறுப்பில் எடுத்துக் காவல் போட்ட கதை படிக்கச் சிலிர்ப்பாக இருக்கும். ஏப்ரலில் அங்கேயே போய்விடலாம் என்று முடிவு செய்து, தங்கும் அறை வரை பார்த்துவிட்டேன். அமெரிக்க விசா இல்லாத காரணத்தால் மட்டுமே அந்தச் செலவு தப்பியது. பின்னால்தான் புரிந்தது: அந்த மலை இலையுதிர்காலத்துக்குப் பெயர்போனது. அப்போது வடமேற்குக் காற்று மலைத்தொடரில் மோதி மேலெழும்ப, பறவைகள் அதைப் பற்றிக்கொண்டு தெற்கே வழுக்கிக்கொண்டு போகின்றன. வசந்தத்தில் அங்கே வருபவை மிகக் குறைவு. திரும்பும் வழி வேறு, அதை வகுப்பவை வேறு. வசந்தத்தில் அந்த வேலையைச் செய்பவை, கனடா–அமெரிக்க எல்லைப் பக்கம் கடல் போல் விரிந்து கிடக்கும் பேரேரிகள். ஆகவே எந்த இடத்தைப் பற்றிப் படித்தாலும், அங்கே எண்ணப்படும் மாதங்கள் எவை என்பதை முதலில் பாருங்கள். இலையுதிர்கால இடத்துக்கு வசந்தத்தில் போய் நிற்பது, பொங்கலுக்கு மாங்காய் தேடுவதைப் போன்றது.

ஏரி எப்படி வழி வகுக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கும். பருந்து சிறகடித்துப் பறந்தே ஏழாயிரம் கிலோமீட்டர் கடப்பதில்லை. அப்படிப் பறந்தால் பாதி வழியிலேயே அதன் கொழுப்பு கரைந்துவிடும். வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்றுத் தூணில் புகுந்து, சிறகை அசைக்காமல் வட்டமிட்டபடி மேலே ஏறி, உச்சியிலிருந்து சரிந்து அடுத்த தூணைப் பிடிக்கிறது. ஏப்ரலில் பேரேரிகளின் நீர் பனிக்கட்டியை விடச் சற்றே குளிர் குறைந்திருக்கும். அதன் மேல் அத்தகைய தூண்கள் எழுவதில்லை. அதனால் தெற்கிலிருந்து வரும் பருந்துகள் ஏரிக்கரையில் தயங்கி, நீரைக் கடக்காமல் கரையோரமாகவே ஒதுங்கிப் போகின்றன. ஈரி ஏரிக்கும் ஒன்டாரியோ ஏரிக்கும் நடுவில் கிடக்கும் நயாகரா தீபகற்பம் இப்படி ஒதுங்கும் பறவைகளுக்கு ஒரு சந்து. அந்தத் தீபகற்பத்தின் முதுகெலும்பாக ஓடும் பாறைச்சரிவின் மேல், கிரிம்ஸ்பிக்குத் தெற்கே, பீமர் நினைவுப் பாதுகாப்புப் பகுதி என்றொரு சிறு வனம் இருக்கிறது. நயாகரா அருவி விழுவதும் இதே பாறைச்சரிவிலிருந்துதான். 1975 முதல் தன்னார்வலர்கள் அங்கே நின்று பருந்துகளை எண்ணிவருகிறார்கள். மார்ச் 1 முதல் மே 15 வரை ஏறக்குறைய நாள்தோறும் எண்ணிக்கை நடக்கிறது. இடத்தை நான் சரியாகத்தான் பிடித்தேன். அங்கே போன பிறகு எந்தத் திசையில் நிற்க வேண்டும், எந்த நாளில் போக வேண்டும், எத்தனை மணி வரை இருக்க வேண்டும் என்ற மூன்றிலும்தான் சறுக்கினேன்.

மார்ச் இரண்டாம் வாரத்தில் முதல் முறை போனேன். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து காட்டுப் பாதையில் நடந்தால் பாறைச்சரிவின் விளிம்பு வரும். கீழே பள்ளத்தாக்கு, அப்பால் ஊர், அதற்கப்பால் நீலமாக ஏரி. பார்த்த மாத்திரத்தில் இதுதான் இடம் என்று வடக்கே ஏரியைப் பார்த்து நின்றுவிட்டேன். பறவைகள் என் முதுகுப் பக்கமிருந்து, கிழக்கிலும் தென்கிழக்கிலுமிருந்து வந்து, தலைக்கு மேல் மேற்கே போகும் என்பதும், அதைப் பார்க்க மரங்கள் மறைக்காத திறந்த புல்வெளியே ஏற்றது என்பதும் எனக்குத் தெரியாது. விளிம்பில் வாடைக்காற்று காதை அறுத்தது. இரண்டு மணி நேரத்தில் விரல் மரத்துப்போய்க் கைப்பேசித் திரையைத் தொட்டால் உணர்வில்லை. அப்போது கரிய, பெரிய பறவைகள் பத்துப் பன்னிரண்டு என் கண்ணுக்கு நேராகவே தள்ளாடியபடி மிதந்தன. மகிழ்ச்சியில் நாற்பது பருந்துகள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவை டர்க்கி வல்ச்சர் எனப்படும் சிவந்த தலைப் பிணந்தின்னிகள். அதுவும் அந்தப் பாறைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்த அதே பத்துப் பன்னிரண்டையே மீண்டும் மீண்டும் எண்ணியிருக்கிறேன். சிறகை வி என்ற ஆங்கில எழுத்தைப் போல மேல்நோக்கிப் பிடித்து, போதையில் நடப்பவரைப் போல இருபுறமும் ஆடிக்கொண்டே மிதந்தால் அது பிணந்தின்னி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் முதலில் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பைனாகுலரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 310 டாலர் இன்னும் மனத்தில் உறுத்துகிறது. தொலைவில் பறக்கும் பறவைக்கு அதிகப் பெருக்கம் வேண்டும் என்று என் அறிவுக்குத் தோன்றியபடி, இருபது மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு பெரிய கருவியை இணையத்தில் வாங்கினேன். கையில் பிடித்தால் வானமே நடுங்கியது. பெருக்கம் கூடக் கூடப் பார்வை வட்டம் சுருங்கும்; கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும். ஒரு பறவையைக் கண்டு கருவியைத் தூக்கினால் அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். உறை பிரித்துப் பயன்படுத்தியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று விற்றவர் சொல்லிவிட்டார். இப்போது நான் வைத்திருப்பது 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் உள்ள, பிறர் பயன்படுத்திய கருவி. விலை 90 டாலர். புதிதாக வாங்குவதற்கு முன் களத்தில் நிற்பவரிடம் ஒரு முறை இரவல் வாங்கிப் பார்த்துவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, மூன்றாவது பயணங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மார்ச் கடைசியில் போன நாள் ஈரப்பனி கொட்டியது; காரை விட்டே இறங்கவில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் போன நாள் பளிச்சென்று வெயில் அடித்தது, ஆனால் வடமேற்குக் காற்று. மூன்று மணி நேரத்தில் இரண்டு பருந்துகள் மட்டும் உயரத்தில் கடந்தன. இரண்டு நாளையும் மூன்று வாரம் முன்பே மேலாளரிடம் சொல்லி விடுப்பாகக் குறித்துவிட்டிருந்தேன் என்பதே தவறு. பருந்துகள் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை, காற்றைப் பார்த்து வருகின்றன. ஊரில் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் பெயர் வைத்துச் சொல்லிப் பழகிய எனக்கு, இங்கே வந்ததும் காற்றுக்குத் திசை உண்டு என்பதே மறந்துபோய்விட்டது. மேற்கிலிருந்து ஒரு தாழ்வழுத்தம் நெருங்கி வரும்போது அதற்கு முன்னால் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வெதுவெதுப்பான காற்று வீசும். வெப்பநிலை ஏறும், காற்றழுத்தம் இறங்கும். அந்த ஓரிரு நாள்தான் நாள். அதற்குப் பின் மழையோ வாடையோ வந்தால் பறவைகள் வழியில் எங்காவது காட்டில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மூன்று நாள் அடைபட்டுக் கிடந்துவிட்டு மீண்டும் தென்றல் திரும்பும் முதல் நாளில் மடை திறந்தாற்போல் வரும்.

நான்காவது பயணத்தை இன்றும் நினைக்கப் பிடிப்பதில்லை. ஏப்ரல் இருபது தாண்டியிருந்தது. தெற்குக் காற்று, 19 டிகிரி, திட்டுத் திட்டாக வெண்மேகம். எல்லாம் கூடிவந்த நாள் என்று எனக்கே தெரிந்தது. இரவுப் பணியை முடித்துக்கொண்டு, தூங்காமல், நேராகக் கார் எடுத்துக்கொண்டு எட்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். முந்தைய ஆண்டுகளின் மணிவாரி எண்ணிக்கை அட்டவணையைப் பார்த்து, பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் பெரும் கூட்டம் வரும் என்று குறித்து வைத்திருந்தேன். பன்னிரண்டே முக்கால் வரை அதே விளிம்பில், அதே ஏரியைப் பார்த்து நின்றேன். பதினைந்து இருபது பறவைகள் எங்கோ தொலைவில் போயின. கண் எரிந்தது. இனி நிற்பதில் பயனில்லை என்று கிளம்பினேன். ஹாமில்டனை நோக்கி நெடுஞ்சாலையில் போகும்போது சாலையோரத்தின் வரிப்பள்ளங்களில் சக்கரம் ஏறி எழுப்பிய கடகட ஓசையில்தான் எனக்கு விழிப்பு வந்தது. ஓரிரு நொடிதான் கண்ணயர்ந்திருப்பேன். பக்கத்துத் தடத்தில் ஒரு கனரக வண்டி போய்க்கொண்டிருந்தது. கை கால் உதறலெடுக்க, அடுத்த வெளிவழியில் இறங்கி, ஒரு கடையின் வாகனத் திடலில் காரை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்துக்கொண்டு ஏறக்குறைய மூன்று மணி நேரம் தூங்கினேன்.

அன்று இரவு எண்ணிக்கை வெளியானதைப் பார்த்தேன். அந்த வசந்தத்தின் நல்ல நாட்களில் ஒன்று அது. நான் கிளம்பிய பிறகுதான் அகலச்சிறகுப் பருந்துகள் நூற்றுக்கணக்கில் கடந்திருக்கின்றன. அவை கிரிம்ஸ்பியைத் தாண்டி மேற்கே ஹாமில்டன் பக்கம் போய் ஏரியின் முனையைச் சுற்றிக்கொள்பவை. அதாவது, நான் காருக்குள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த திடலுக்கு மேலேயே அவற்றில் சில போயிருக்கக்கூடும். சமையலறையில் நின்றபடி அதைப் படித்தபோது அழுகை வந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்தது. பறவையைத் தவறவிட்டதற்காக மட்டும் அல்ல. அந்தக் கடகட ஓசை கேட்காமல் போயிருந்தால் என்ற நினைப்புக்காகவும்தான். இரவுப் பணி செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்தப் பறவைக்காகவும் தூங்காமல் கார் ஓட்டாதீர்கள். பருந்துகள் காலை எட்டு மணிக்கு வருவதில்லை. தரை சூடேறி, ஒன்பதரை பத்துக்கு மேல்தான் மேலெழுகின்றன. நான்கு மணி நேரம் தூங்கிவிட்டுப் போனாலும் பிற்பகல் உங்களுக்குக் கிடைக்கும்.

என் தவறு எங்கே நேர்ந்தது என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அட்டவணைகளில் நேரம் எப்போதும் நிலையான நேரத்தில் குறிக்கப்படுகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறோம். ஆகவே அட்டவணையில் பதினொன்று என்றால் நம் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு. ஒன்று என்றால் இரண்டு. நான் காத்திருந்த நேரத்தின் முதல் பகுதி வெறும் காலைப்பொழுது, கிளம்பிய நேரமோ கூட்டத்தின் வாசல். இதோடு ஏரிக்காற்றும் சேர்ந்துகொண்டது. தரை சூடேறச் சூடேற, நடுப்பகலில் ஏரியிலிருந்து குளிர்காற்று கரைமேல் ஏறிவரும். அது வரும் தூரம் வரை வெப்பத் தூண்கள் அறுந்துபோகும். பருந்துகள் அதன் முன்விளிம்பை ஒட்டி உள்நாட்டுப் பக்கம் நகர்ந்துவிடும். விளிம்பில் நின்று வடக்கே பார்த்தவனுக்கு அவை தெரியவே தெரியாது. முகத்தில் திடீரென்று சில்லென்ற காற்று பட்டால் கிளம்பிவிடாதீர்கள். திரும்பித் தெற்கு வானத்தைப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவர், அறுபது வயதைக் கடந்த, எண்ணிக்கைக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்மணி. முதல் ஆண்டிலேயே அவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டு, அட்டையும் பென்சிலுமாக நாலைந்து பேர் உட்கார்ந்திருந்ததைக் கண்டு, ஏதோ சங்கத்தார் போலிருக்கிறது, நாம் போய் நின்றால் என்ன நினைப்பார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு காட்டுப் பாதையில் விலகிப் போயிருக்கிறேன். எல்லாரும் வெள்ளையர்; என் ஆங்கில உச்சரிப்பு; கையில் அபத்தமான பைனாகுலர். 1,610 டாலரில் இந்தக் கூச்சத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் ஆயிரத்துக்குக் குறையாது. இரண்டாம் ஆண்டு ஏப்ரலில் கழிப்பறை எங்கே என்று கேட்பதற்காகத்தான் முதன்முதலில் வாய் திறந்தேன். வழி சொல்லிவிட்டு, போன வருடம் அந்த விளிம்பில் தனியாக நின்றவர் நீங்கள்தானா, அங்கே ஏன் நின்றீர்கள் என்று அவர் கேட்டார். அழகாக இருந்தது என்றேன். அழகுதான், பருந்துகளுக்குத்தான் அது தேவையில்லை என்று சிரித்துவிட்டு, பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

எப்படிப் பார்ப்பது என்பதை அன்று அவர் அருகில் உட்கார்ந்து கற்றேன். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டே வானத்தைத் துழாவக் கூடாது. முதலில் வெறுங்கண்ணால் மரங்களின் தலைக்குச் சற்று மேலே கிடைமட்டமாக இடமிருந்து வலமாக ஒரு பார்வை. பிறகு ஒரு கைமுட்டி அளவு மேலே, மீண்டும் ஒரு பார்வை. நீல வானத்தில் உயரத்தில் போகும் பறவை கரைந்துவிடும். மேகத்தின் வெண்மை மேல் வரும்போதுதான் புள்ளியாகத் தெரியும். அதனால் மேகமில்லாத நாளை விட அங்கங்கே மேகம் மிதக்கும் நாள் மேல். சூரியன் இருக்கும் பக்கத்தில் ஒருபோதும் கருவியைத் திருப்பக் கூடாது. நிறத்தை நம்பாமல் உருவத்தை நம்ப வேண்டும்: சிறகை எம் என்ற ஆங்கில எழுத்தைப் போல மடித்துப் பிடிப்பது மீன் பிடிக்கும் விரால் அடிப்பான், மூன்று நான்கு முறை படபடவென்று அடித்துப் பிறகு வழுக்கினால், நீண்ட வாலும் குட்டைச் சிறகும் உள்ள ஷார்ப்-ஷின்டு ஹாக், சிறகின் முன்விளிம்பில், தோளை ஒட்டி, இருபுறமும் கரிய கோடு தெரிந்தால் செவ்வால் பருந்து. அகலச்சிறகுப் பருந்தின் அடிப்புறம் வெளிறியிருக்கும். சிறகின் ஓரம் மை தீட்டியது போல் கரியது. வாலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். இவற்றை வீட்டில் உட்கார்ந்து படங்களில் பார்த்து மனப்பாடம் செய்ததில் எனக்குப் பயன் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் பெயர் சொல்ல, அதே கணத்தில் நான் பார்த்த பதினைந்து இருபது பறவைகளில்தான் கண் பழகியது.

எதற்காக இப்படி ஐம்பது ஆண்டாக எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து கழுகுகள் அருகிப்போனபோது, இளம் கழுகுகள் வருவது குறைந்துவிட்டதைக் காட்டியது பென்சில்வேனியா மலையில் வைத்திருந்த இதே போன்ற எண்ணிக்கைதான் என்றும், 1960-களின் தொடக்கத்தில் பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி எழுதிய ரேச்சல் கார்சன் அதைச் சான்றாக எடுத்துக்காட்டினார் என்றும் அவர் சொன்னார். 1972-இல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடை செய்த பிறகு வெண்தலைக் கழுகுகள் மெல்ல மெல்லத் திரும்பின. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்று கடந்தது. கையிலிருந்த எண்ணும் கருவியைப் பார்க்காமலேயே ஒரு முறை அழுத்தினார்.

அந்த ஆண்டு ஏப்ரலில், ஒன்றரை மணி இருக்கும், அவர் தென்கிழக்கே கையை நீட்டினார். எனக்கு மேகம் மட்டுமே தெரிந்தது. பைனாகுலரை எடுத்து மேகத்தின் கீழ் ஓரத்தில் நிறுத்தியதும், ஒருவர் கைநிறைய மிளகை எடுத்து மேல்நோக்கி வீசியது போல், எழுபது எண்பது பறவைகள் ஒன்றையொன்று முட்டாமல், சில இடமாகவும் சில வலமாகவும் சுழன்றுகொண்டிருந்தன. கொதிக்கும் கெட்டிலுக்குள் நீர் குமிழியிடுவது போல் இருப்பதால் இங்கே இதற்குக் கெட்டில் என்றே பெயர். சுழலும்போது எண்ண முயலாதே, உச்சியில் ஒழுகும் வரை பொறு என்றார். இரண்டு நிமிடம் சென்றது. மேலே இருந்த ஒரு பறவை சுழல்வதை நிறுத்தி, சிறகைச் சற்றே பின்னுக்கு மடித்து மேற்கே சரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நூல் பிடித்தாற்போல் ஒவ்வொன்றாக. ஒன்று கூடச் சிறகடிக்கவில்லை. தலைக்கு நேர் மேலே வந்தபோது ஒன்றின் வால்பட்டைகள் வெயிலில் ஒரு கணம் தெளிவாகத் தெரிந்தன. எந்த ஓசையும் இல்லை. நான் எண்ணியது அறுபத்தெட்டில் நின்றது. அவர் எண்ணியது எண்பத்து மூன்று. வலதுபுறம் ஒழுகிய ஒரு கிளையை நான் பார்க்கவே இல்லையாம்.

இப்போது நான் எப்படி நாள் குறிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். மார்ச் முதலே, ஹாக்கவுண்ட் என்ற வட அமெரிக்க எண்ணிக்கைத் தளத்தைப் பணி இடைவேளையில் பார்த்துவிடுகிறேன். மார்ச்சில் பிணந்தின்னிகளும், செந்தோள், செவ்வால் பருந்துகளும், கழுகுகளும் வரும். அகலச்சிறகுப் பருந்துகள் அப்போது வரா. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அவை தென் டெக்சஸைக் கடக்கும்போது அங்கே எண்ணிக்கை ஏறும். பிறகு ஈரி ஏரியின் தென்கரையில், நியூயார்க் மாநிலத்தின் ரிப்ளி, ஹாம்பர்க் ஆகிய இடங்களில் ஏறத் தொடங்கினால், எங்கள் பக்கமும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். ஏப்ரல் நடுவிலிருந்து கடைசி வாரம் வரைக்குள் தெற்குக் காற்று அடிக்கும் இரண்டு நாளே எனக்கு வேண்டியவை. அவை எவை என்று ஒரு மாதம் முன்பே சொல்ல முடியாது என்பதால், அந்த இரு வாரத்தில் எந்த இரவையும் மாற்றிக்கொள்ள ஒத்துக்கொண்ட ஒரு சக ஊழியரோடு ஏற்பாடு செய்துகொண்டேன். பதிலுக்கு அவருடைய பண்டிகை நாளில் நான் வேலை செய்கிறேன். செயற்கைக்கோள் கருவி மாட்டிய பறவைகளின் வரைபடத்தையும் சில நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஆசைக்குப் பார்க்கலாம், நாள் குறிக்க நம்பக் கூடாது. புள்ளி சில நாள் பிந்தித்தான் நகரும். சுங்கச் சாலையை அறவே விட்டுவிட்டேன். வாடகைக் காரில் அதில் ஏறினால் சுங்கம் ஒரு பக்கம், அதைக் கட்டிய கூலி ஒரு பக்கம் என்று இரண்டு வாரம் கழித்துக் கடன் அட்டையில் பிடிப்பார்கள். கட்டணமில்லாத நெடுஞ்சாலையில் நெரிசல் தணிந்த பின் கிளம்பினால் இருபது நிமிடமே கூடுதல். உடைக்கு, வானிலை அறிவிப்பில் சொல்லும் வெப்பநிலையிலிருந்து மனத்துக்குள் எட்டு டிகிரி கழித்துக்கொள்கிறேன். அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மேட்டில் குளிர் அப்படித்தான் உறைக்கும். மடக்கு நாற்காலி கட்டாயம் வேண்டும். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்த முதல் ஆண்டின் கழுத்து வலி ஒரு வாரம் நீடித்தது. சாய்ந்து உட்கார்ந்தால் அது இல்லை.

இந்த வசந்தத்தில் என் செலவு மொத்தம் 94 டாலர்; அதில் 12 டாலர் புல்வெளியில் எல்லோருக்கும் வாங்கிப்போன டோனட்டுக்கு. ஆயிரத்து அறுநூறு டாலர் எதற்குப் போனது என்று பார்க்க என் மனைவியும் வந்தாள். காலையில் பிணந்தின்னிகளைத் தவிர ஒன்றும் வரவில்லை. போர்வையைத் தலை வரை இழுத்து மூடிக்கொண்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று இரண்டு முறை கேட்டாள். நான் கிழக்கே மரங்களின் தலையை மும்முரமாகத் துழாவிக்கொண்டிருந்தேன். அப்போது என் தோளைத் தட்டி, “ஏங்க, அந்த மேகத்துக்குக் கீழே கொசுக்கூட்டம் மாதிரி ஏதோ சுத்துதே, அது என்ன?” என்றாள். புல்வெளியில் இருந்த அத்தனை பேரும் அவள் விரல் நீண்ட பக்கம் திரும்பினார்கள்.